மர்மமும் மறைபொருளும்

பேராவூரணி வட்டாரத்தில் நடந்த செபக்கூட்டம் ஒன்றிலிருந்து திரும்பிய தென்னை விவசாயி ஒருவர், நான்காக மடித்து வைத்திருந்த மஞ்சள் நிறத் துண்டறிக்கையை நம் கையில் கொடுத்தார். வானத்தின் மையத்திலிருந்து மர்ம ஒலி எழும்புகிறது என்றும், அறிவியல் அறிஞர்கள் வாயடைத்து நிற்கிறார்கள் என்றும், இது இறுதிக் காலத்து எக்காளத்தின் முதல் முழக்கம் என்றும், மனந்திரும்பாதோரின் நிலத்தில் பேரழிவுகள் தொடரும் என்றும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. எழுதியவர் பெயரில்லை, அச்சகத்தின் பெயரும் இல்லை. "இது உண்மையா?" என்று அவர் நம்மைக் கேட்கவில்லை. "அப்ப கஜா வந்ததும் நாங்க செஞ்ச பாவத்தாலதானா, ஐயா?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது, பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. பாட்டன் நட்ட மரம் பேரன் கண்முன் வேரோடு விழுந்தது. நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகளாகும். புயலுக்குப் பின் கடன் வாங்கிக் கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, பாளை விடுமா என்று அண்ணாந்து பார்த்துக் காத்திருந்த மனிதரிடம், 'உன் தோப்பு விழுந்ததற்கு உன் பாவமே காரணம். வானமே அதற்குச் சாட்சி' என்று ஒரு தாள் சொல்லுமானால், அதை அறியாமை என்று பெயரிட்டு விட்டுவிட முடியாது. அது கொடுமை. அதற்கு இறைவனின் பெயரையும் அறிவியலின் பெயரையும் ஒருங்கே பயன்படுத்துவது இன்னும் பெரிய கொடுமை.

வானில் நிகழ்ந்தது என்ன?

துண்டறிக்கை முழுப் பொய்யன்று. எங்கோ கேள்விப்பட்ட ஓர் உண்மைச் செய்தி அதற்குள் கசங்கிக் கிடக்கிறது. அச்செய்தியை முதலில் நேராகச் சொல்லிவிடுவோம்.

நமது சூரியனும் அதன் கோள்களும் அடங்கிய பால்வெளி மண்டலத்தின் மையம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அங்கே சூரியனைப் போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி விண்மீன்கள் விரைந்து ஓடுவதைப் பல ஆண்டுகள் அளந்து நிறுவிய ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகிய இருவருக்கும் 2020-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2022 மே மாதம் அக்கருந்துளையின் நிழற்படமும் வெளியாயிற்று. அந்த மையத்தை நம் கண்ணால் காண இயலாது. இடையிலுள்ள தூசு மறைத்துவிடுகிறது. ஆனால் வானொலி அலைகள் தூசை ஊடுருவி வந்து சேரும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார்ல் யான்ஸ்கி என்ற பொறியாளர், கடல் கடந்த தொலைபேசியில் ஏற்படும் இரைச்சலின் காரணத்தைத் தேடியபோதுதான் இவ்வலைகள் முதன்முதலில் அகப்பட்டன.

இனி, 'மர்மம்' என்று சொல்லப்படுவதற்கு வருவோம். 2002 செப்டம்பர் 30, அக்டோபர் 1 நாட்களில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்திலுள்ள வானொலித் தொலைநோக்கி வரிசை பால்வெளி மையத்தின் திசையை நோக்கிக்கொண்டிருந்தது. அப்போது ஒரே இடத்திலிருந்து ஐந்து முறை வானொலி அலைகள் பீறிட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நிமிடம் நீடித்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 77 நிமிடம். பதிவான தரவுகளைப் பின்னர் ஆராய்ந்து இதைக் கண்டவர், வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்வீட் பிரையர் என்ற சிறிய பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஸ்காட் ஹைமன். பட்டப்படிப்பு பயிலும் மாணவியரும் அவருடைய பணியில் துணை நின்றனர். 2005 மார்ச் மாதம் அவரும் அவருடைய குழுவினரும் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டனர்.

இக்கதையின் அடுத்த பகுதி நம் நாட்டில் நிகழ்ந்தது. புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 2003 செப்டம்பர் 28-இல் அது நோக்கிய தரவுகளில் அதே பொருளின் ஒரு பீறிடல் அகப்பட்டது. 2004 மார்ச் 20-இல் இன்னொன்று அகப்பட்டது. அது மிக மெலிந்தது. புனேயின் சுபாஷிஷ் ராய் இவ்வாய்வுகளில் பங்கேற்றவர்.

அந்தத் தொலைநோக்கியின் மூத்த சகோதரி நம் தமிழகத்திலேயே இருக்கிறாள். உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வானொலித் தொலைநோக்கி 1970-இல் பணி தொடங்கியது. பூமியின் அச்சுக்கு இணையாக அமையும்படி, ஏறத்தாழ 11 பாகைச் சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடிக் கண்டு அதன்மேல் அதை நிறுவினார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து வைத்ததன்று; இங்கேயே திட்டமிட்டு இங்கேயே கட்டியது. உதகையிலும் நாராயண்காவிலும் இப்பணியை முன்னின்று நடத்தியவர் கோவிந்த் சுவரூப், 2020-இல் மறைந்தார். 1970-களின் தொடக்கத்தில் நிலவு பால்வெளி மையத்தைக் கடந்து மறைத்த நேரங்களில், அந்த மறைப்பைக் கொண்டே மையத்தின் வானொலி வடிவை முத்தோரையில் அளந்தார்கள். 'அறிஞர்கள் வாயடைத்து நிற்கிறார்கள்' என்று எழுதியவருக்கு, நம் மலையிலேயே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அத்திசையை நோக்கிப் பொறுமையாக உழைத்தவர்கள் இருப்பது தெரியாது. வாயடைத்து நின்றவர் யாருமில்லை. அவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்த 77 நிமிடப் பொருள் எதுவென்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. உண்மை. ஆனால் அதன் உறவினர் என்று கருதத்தக்க பல பொருள்கள் பின்னர் அகப்பட்டுள்ளன. 18 நிமிடத்துக்கு ஒருமுறை மின்னும் பொருள் ஒன்றை ஆஸ்திரேலியத் தரவுகளில் ஒரு மாணவர் கண்டார். அது 2022-இல் வெளியாயிற்று. சப்தரிஷி மண்டலத்தின் திசையில் 125 நிமிடத்துக்கு ஒருமுறை அலை அனுப்பும் பொருள், ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்கள் என்று 2025-இல் நிறுவப்பட்டது. அவற்றுள் ஒன்று எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன். மற்றது மங்கிய செவ்விண்மீன். புதிர் அவிழத் தொடங்கியிருக்கிறது.

துண்டறிக்கையின் மூன்று பிழைகள்

முதற்பிழை, 'ஒலி' என்ற சொல். வானொலித் தொலைநோக்கி காதால் கேட்பதன்று. அது பற்றுவது ஒளியின் உறவான மின்காந்த அலையை. விண்வெளியில் எக்காளம் ஊதினாலும் நமக்குக் கேட்காது, அங்கே காற்றில்லை. நம் மொழி 'வானொலி' என்ற அழகிய சொல்லைத் தந்ததால், அங்கே யாரோ ஒலிப்பதாக நினைத்துக்கொள்வது நம் பிழையே தவிர வானத்தின் பிழையன்று.

இரண்டாம் பிழை, திசையை இடமென்று கொண்டது. அந்தப் பொருள் பால்வெளி மையத்திற்குத் தெற்கே ஒன்றேகால் பாகை தள்ளித் தெரிகிறது. அதாவது இரண்டரை முழுநிலவுகளை அடுக்கிய இடைவெளி. அது கருந்துளைக்கு அருகில்தான் இருக்கிறது என்று யாரும் நிறுவவில்லை. நம் ஊர்க் கோபுர உச்சிக்கு அருகே மாலை வெள்ளி தெரிகிறது என்பதால் வெள்ளி கோபுரத்தில் குடியிருக்கிறது என்போமா? மையத்துக்கும் நமக்கும் இடைப்பட்ட 26,000 ஒளியாண்டு வழியில் அது எங்கும் இருக்கலாம்.

மூன்றாம் பிழைதான் பெரியது. 'இன்னும் விளங்கவில்லை' என்பதை 'இறைவனின் அடையாளம்' என்று மாற்றிப் படித்தது. விளங்காத ஒன்றிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பொருள் கறந்துகொள்ளலாம், மறுக்க ஆளில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது விளங்காத குறுமின்னல்கள் பதிவாகி வந்தன. பல ஆண்டுகள் அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2015-இல் காரணம் தெரிந்தது. அங்கே பணியாற்றுவோர் உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது தானாக நிற்கும் முன்பே திறந்தபோது கசிந்த அலைகள் அவை! நம் துண்டறிக்கைக்காரர் அக்காலத்தில் பார்க்ஸ் செய்தியைக் கேட்டிருந்தால், அந்த அடுப்புக்கும் ஒரு எக்காளத்தைக் கொடுத்திருப்பார். அறிஞர்கள் தங்கள் சமையலறையையே சோதித்து, தங்கள் பிழையைத் தாங்களே ஊரறிய எழுதினார்கள். இத்தகைய பாவசங்கீர்த்தனத்தை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

அதே வானம், அதே பழி

துண்டறிக்கைக்காரரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. பால்வெளி மையம் வானில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையில். நம் முன்னோர் வகுத்த நாள்மீன் பகுப்பில் மூலம். ஆடி மாதத்து முன்னிரவில் பேராவூரணியின் எந்தத் தோப்பு மேட்டில் நின்றாலும் தெற்கே அதைக் காணலாம். மண்டலத்தின் மையம் அமைந்த பகுதிக்கு 'மூலம்' என்ற பெயர் வாய்த்தது அழகிய தற்செயல். ஆனால் அச்சொல்லை வைத்து நாம் செய்ததென்ன? 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்லி எத்தனை பெண்களின் திருமணத்தைத் தடுத்திருக்கிறோம்! 'நாம் கிறிஸ்தவர்கள், நமக்குச் சாதகம் கிடையாது' என்று சொல்லும் வீடுகளிலும், வரன் பேசும்போது சத்தமில்லாமல் பிறந்த நேரம் விசாரிக்கப்படுவதை நாம் அறிவோம். ஒருபுறம், வானத்தின் அந்த மூலையைக் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குகிறோம். மறுபுறம், அதே மூலையைக் காட்டி ஒரு விவசாயியைப் பாவி என்கிறோம். ஸ்வீட் பிரையர் மாணவியரோ அதே மூலையை நோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இம்மூன்றில் எது படைத்தவரை மதிக்கும் செயல் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

நாற்பத்து நான்கு மணிநேரம்

இதைவிடக் கசப்பான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.30 மணியளவில் சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தது. சில மணிநேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் பலர் மடிந்தனர். நம் மறைமாவட்டத்தின் நெஞ்சில் அந்த வடு இன்னும் இருக்கிறது.

ஏறத்தாழ 44 மணிநேரம் கழித்து, தனுசு மண்டலத்தின் திசையிலிருந்து மாபெரும் காமாக்கதிர் வீச்சு ஒன்று பூமியை வந்தடைந்தது. கடும் காந்தப்புலம் கொண்ட, 'மேக்னட்டார்' எனப்படும் நியூட்ரான் விண்மீன் ஒன்றின் வெடிப்பு அது. சூரியன் ஒரு லட்சம் ஆண்டுகளில் வெளியிடும் ஆற்றலைவிட மிகுதியானதை நொடிப்பொழுதுக்குள் கொட்டியது. செயற்கைக் கோள்களின் கருவிகள் திணறின. அதைத் தொடர்ந்து எழுந்த வானொலி ஒளிர்வைப் பின்தொடர்ந்தவற்றுள் நம் புனேத் தொலைநோக்கியும் ஒன்று.

உடனே முடிச்சுப் போட்டார்கள். வானத்திலிருந்து வந்த வீச்சே கடலைக் கிளப்பியது என்றார்கள் சிலர். அடையாளம் என்றார்கள் சிலர். கதிர் வந்தது பேரலைக்குப் பின் 44 மணிநேரம் கழித்து. கதிர் புறப்பட்டதோ பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன். அப்போது வேளாங்கண்ணியும் இல்லை, நாகப்பட்டினமும் இல்லை. எவருடைய பாவத்துக்காக அது அன்று புறப்பட்டது? எதிரே நிற்கும் தாயிடம், 'உன் பிள்ளையை அலை கொண்டுபோனது உன்னைத் திருத்த' என்று சொன்ன வாய்களை நாம் மறக்கவில்லை. தப்பியவர்கள் இறைவனுக்கு நன்றி கூறியது முறை. ஆனால் தப்பியதைத் தகுதி என்று பேசும்போது, மடிந்தவர்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம்.

நம் ஆண்டவர் இக்கேள்விக்கு நேராகவே விடை தந்திருக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா எனக் கேட்டவர், அப்படியல்ல என்று தாமே மறுத்தார். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும், அவனுமில்லை, அவனைப் பெற்றவர்களுமில்லை என்றார். மஞ்சள் தாளை அச்சிட்டவர் எந்த நற்செய்தியைப் படித்தார் என்று நமக்குத் தெரியவில்லை.

ஒரு மறுப்பு

'வானத்தில் அடையாளங்கள் தோன்றும் என்று நற்செய்தியிலேயே இருக்கிறதே' என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்த நாளும் வேளையும் ஒருவருக்கும் தெரியாது என்பதும் அங்கேதான் இருக்கிறது. அவற்றைக் கண்டு தலைநிமிர்ந்து நில்லுங்கள் என்பதுதான் அப்பகுதியின் அறிவுரை; துண்டறிக்கை கற்பிப்பதோ தலைகுனிந்து நடுங்குவது.

'எளிய மக்களுக்கு அச்சம் இருந்தால்தானே கோயிலுக்கு வருவார்கள். எப்படியோ மனந்திரும்பினால் நல்லதுதானே' என்பார் இன்னொருவர். நம் பங்குகளில் பலருடைய மனத்தில் இருக்கும் எண்ணம் இதுவே. ஆகவே இதற்கு விடை சொல்லியாக வேண்டும். அச்சத்தால் வந்தவர், அச்சம் தீர்ந்ததும் போய்விடுவார். நாளை அந்த 77 நிமிடப் பொருள் இரு பழைய விண்மீன்கள் என்று ஏட்டில் வெளியாகும். அன்று அதைப் படிக்கும் கல்லூரி மாணவன், 'கோயிலில் சொன்னது பொய்' என்று முடிவு கட்டுவான். எக்காளத்தோடு சேர்த்து இயேசுவையும் தூக்கியெறிவான். அவனைத் தூக்கியெறிய வைத்தது அறிவியலா? நாமா?

இதில் நாத்திகம் பேசும் நண்பர்களும் அதே படகில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு புதிர் அவிழும்போதும் கடவுள் ஓரடி பின்வாங்குகிறார் என்பது அவர்கள் கட்சி. விளங்காத இடத்தில்தான் கடவுள் குடியிருக்கிறார் என்பது நம்மவர் கட்சி. இருவருக்கும் கடவுள் ஒன்றுதான்: அறிவின் ஓட்டைகளை அடைக்கும் களிமண். அத்தகைய கடவுளை அவர்கள் மறுப்பதில் நமக்கு வருத்தமில்லை. திருச்சபை அறிக்கையிடும் இறைவன் அவரல்லர்.

திருச்சபையின் மக்களே இதை நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். பேரண்டம் விரிகிறது என்றும், அது ஒரு தொடக்க அணுவிலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்றும் முன்மொழிந்தவர் பெல்ஜிய நாட்டுக் குருவான ஜார்ஜ் லெமேத்ர். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தமது உரையில் இக்கொள்கையைப் படைப்பு பற்றிய நம் நம்பிக்கையோடு நெருக்கமாக இணைத்துப் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டிய லெமேத்ர் மகிழவில்லை. தம் கொள்கை அறிவியலின் முறைப்படி நிற்கவோ விழவோ வேண்டும். அதற்கு மறையின் முட்டுக்கொடுப்பு கூடாது. மறைக்கும் அதன் முட்டுக்கொடுப்பு தேவையில்லை என்பது அவர் நிலை. மறு ஆண்டு வானியலாளர் முன் உரையாற்றியபோது திருத்தந்தை அத்தகைய இணைப்பைத் தவிர்த்தார். 1965-இல், வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் மெல்லிய வானொலி இரைச்சல் ஒன்று கண்டறியப்பட்டு, லெமேத்ர் சொன்ன தொடக்கத்துக்குச் சான்றாயிற்று. 1966-இல் இறப்பதற்குச் சற்றுமுன் அச்செய்தி அவருக்கு எட்டியது. இரைச்சல் அவருக்கு எக்காளமாகவில்லை, சான்றாயிற்று.

நம் கரையிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1689 டிசம்பரில், புதுச்சேரியில் தங்கியிருந்த ழான் ரிஷோ என்ற இயேசு சபைக் குரு, வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். வால்மீன் என்றால் கேடு என்று உலகம் நடுங்கிய காலம். அவர் நடுங்கவில்லை. அருகே தெரிந்த ஆல்ஃபா செண்டாரி என்னும் ஒளிமிகு விண்மீன் உண்மையில் ஒன்றன்று, இரண்டு என்று கண்டு குறித்து வைத்தார். சோழமண்டலக் கரையில் நின்று ஒரு குரு வானவியலுக்கு அளித்த கொடை அது. அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், மூன்று நூற்றாண்டு கழித்து மஞ்சள் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைமடை நீதி

பேராவூரணி கடைமடைப் பகுதி. மேட்டூரில் திறந்த நீர் கல்லணை வந்து, கல்லணைக் கால்வாய் வழியாக இங்கு வந்து சேரும் முன் எத்தனையோ மதகுகள், எத்தனையோ கைகள். தண்ணீர் வரவில்லையென்றால் நாம் என்ன செய்கிறோம்? 'மர்மம்' என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறோமா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலோரம் மேல்நோக்கி நடக்கிறோம். எங்கே அடைத்திருக்கிறது, எந்தக் கரை உடைந்திருக்கிறது, எந்த மதகு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறோம். அப்படி நடந்துபோகும் விவசாயிக்கு நம்பிக்கை குறைவு என்று எந்த மறையுரையாளரும் சொல்ல மாட்டார். விதைக்கும் முன் அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார். தண்ணீர் வராவிட்டால் மண்வெட்டியை எடுக்கிறார். அவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

வானியலாரும் அதைத்தான் செய்கிறார்கள். அலை வந்த வழியே மேல்நோக்கி நடக்கிறார்கள்.

நம் வழிபாட்டு மொழியில் 'மறைபொருள்' என்று ஒரு சொல் இருக்கிறது. திருப்பலியில் அதை நாம் அறிக்கையிடுகிறோம். நாளேடுகளின் மொழியில் 'மர்மம்' என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கியதே இத்தனை குழப்பத்துக்கும் வேர். மர்மம் என்பது அவிழாத முடிச்சு. அவிழ்ந்ததும் அது தீர்ந்துவிடும், தீர வேண்டும், தீர்ப்பது மனித அறிவின் கடமை. மறைபொருள் அப்படித் தீர்வதன்று. அறிய அறிய ஆழமாவது. தாயின் அன்பை உடற்கூற்றால் எவ்வளவு விளக்கினாலும் அவள் அன்பு குறைந்துபோவதில்லையே. 77 நிமிடப் பொருள் எதுவென்று முழுதும் தெரிந்த பின்னும், எதுவுமே இல்லாதிருப்பதற்குப் பதில் ஏன் இத்தனையும் இருக்கிறது என்ற வியப்பு நம்மிடம் எஞ்சியே இருக்கும். அந்த வியப்பில்தான் செபம் பிறக்கிறது. அதற்கு அறிவியலின் தோல்வி தேவையில்லை.

ஆகவே நம் பங்குகளுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். பெயரில்லாத தாள்களைக் கோயில் வாசலிலோ செபக்கூட்டத்திலோ விநியோகிக்க இடம் தராதீர்கள். மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை வானத்தைப் பற்றிக் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் 'தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்' என்று சொல்லுங்கள்; கேட்ட பிள்ளையை அடக்காதீர்கள். கோடை விடுமுறையில் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் திருப்பயணம் அழைத்துச் செல்லும் நம் இளையோர் அமைப்புகள், ஒருமுறை பேருந்தை உதகைக்கும் திருப்பட்டும். முத்தோரைச் சரிவில் நிற்கும் அந்த அரைக் கிலோமீட்டர்க் கருவியை நம் கடைமடைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

அந்த விவசாயிக்கு நாம் என்ன சொன்னோம் என்று வாசகர் கேட்கக்கூடும். நீண்ட விளக்கம் தரவில்லை. வங்கக் கடலின் வெப்பத்தில் புயல் எப்படி உருவாகிறது என்று நமக்குத் தெரிந்த அளவில் சொன்னோம். அந்தப் புயலுக்கும் அவருடைய பாவத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னோம். வானத்தில் அகப்பட்ட அலைக்கும் அவருடைய தோப்புக்கும் தொடர்பில்லை என்று சொன்னோம். தாளை வாங்கி மீண்டும் நான்காக மடித்தார். கிழித்துப் போடவில்லை. "இத எம் மவன்கிட்டக் காட்டணும், ஐயா. அவன்தான் இதப் படிச்சுட்டு ராத்திரி பயந்துகிட்டுக் கெடந்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அச்சமின்றித் தூங்க வேண்டிய ஒரு பிள்ளையின் இரவைத் திருடியிருக்கிறார்கள். பெயரிடாமல் அச்சிட்டவர்கள் அதற்கு இறைவன்முன் கணக்குச் சொல்வார்கள். அதைக் கண்டும் காணாமல் இருந்தால், நாமும் சொல்ல வேண்டியிருக்கும்.